நிறுத்தத் தெரியாத டாக்டரம்மா

டாக்டரம்மாவின் நினைவுக் கூட்டத்தில் பேசிய போதகர், "அவங்க ஒரு சாந்தமான ஆத்துமா" என்றார். அடுத்துப் பேசிய கால்நடைத் துறை அதிகாரி, "யார் மனசும் நோகாம நடந்துக்குவாங்க" என்றார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். செத்தவர்களைப் பற்றி நல்லதாகப் பேச வேண்டியதுதான். அதற்காக வேறு யாரையோ பற்றியா பேசுவது? சாந்தமாவது கத்தரிக்காயாவது. ஆரம்பித்த காரியத்தைப் பாதியில் நிறுத்தச் சொன்னால் ஜென்மத்துக்கும் நிறுத்தாத பிடிவாதக்காரி அவர். அதனால் எத்தனை பேர் மனசு நொந்தது என்று எனக்குத் தெரியும். என் மனசும் அதில் சேர்த்தி.

நீடாமங்கலம் பக்கத்தில் அரசு கால்நடை மருந்தகத்தில் டாக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆன பிறகும் மாட்டுக்காரர்கள் அவரை விடவில்லை, அவரும் அவர்களை விடவில்லை. காலையில் மாட்டுக் கொட்டகை, ஞாயிற்றுக்கிழமை லுத்தரன் சபையில் ஆர்கன், மற்ற சாயங்காலங்களில் வீட்டில் பியானோ. அந்தப் பியானோவில் அவர் வாசித்தது ஞானப்பாட்டு அல்ல, ஜாஸ். மெட்ராஸில் மாட்டு டாக்டருக்குப் படிக்கும்போது ஒரு ஓட்டலில் சனி ஞாயிறு வாசித்துத்தான் ஃபீஸ் கட்டினாராம். இதைச் சபையில் யாரிடமும் அவர் மறைக்கவில்லை. மறைத்திருக்கலாம் என்று சபையில் பலர் நினைத்தார்கள்.

அவர் குணம் தெரிய வேண்டுமானால் கன்று எடுத்த கதையைச் சொன்னால் போதும். ஒரு வீட்டில் பசுவுக்குக் கன்று குறுக்கே சிக்கிக்கொண்டது. டாக்டரம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தோள்வரை கையை உள்ளே விட்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து அண்ணன் தம்பிக்குள் தகராறு. பாகப்பிரிவினையில் அந்தப் பசு யாருக்கு என்று முடிவாகவில்லை. அண்ணன்காரன் வந்து, "என்னையக் கேக்காம யாரு டாக்டரக் கூட்டியாந்தது? நிறுத்துங்கம்மா, மொதல்ல மாடு யாருதுன்னு தெரியட்டும்" என்றானாம். டாக்டரம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கை உள்ள இருக்கு. பஞ்சாயத்த வெளிய வச்சுக்குங்க. வாளிய இந்தப் பக்கம் தள்ளுங்க" என்றார். வாளியைத் தள்ளியது அந்த அண்ணன்காரன்தான்.

கோயிலிலும் இதே கதைதான். காணிக்கை எடுக்கும்போது பாட்டு ஓடும். தட்டுகள் பலிபீடத்துக்கு வந்து சேர்ந்ததும் ஆர்கன்காரர் எந்தச் சரணத்தில் இருந்தாலும் முடித்துவிட வேண்டும், அதுதான் வழக்கம். டாக்டரம்மா முடிக்க மாட்டார். தட்டுப் பிடித்தவர்கள் வரிசையாக நிற்பார்கள். போதகர் ஜெபத்துக்குக் கையைத் தூக்குவார், ஆர்கன் அடுத்த சரணத்துக்குப் போகும், கையை இறக்குவார். மறுபடி தூக்குவார். சபைக் கமிட்டியில் இதைப் பற்றி அவரைக் கூப்பிட்டு விசாரித்தபோது, "எழுதினவர் ஏழு சரணம் எழுதியிருக்கார். மூணு போதும்னா அவருகிட்ட சொல்லியிருக்கணும்" என்றாராம். எழுதியவர் செத்து முந்நூறு வருஷம் ஆகியிருக்கும்.

நான் மாதா கோயில்காரன், லுத்தரன் சபைக்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது. எனக்கு அவர் பழக்கமானது ஒரு சாவில். நான் பேண்டு செட் வைத்திருக்கிறேன். எங்கள் அப்பா காலத்திலிருந்து பேண்டுதான். கல்யாணத்துக்கும் போவோம், தேர்பவனிக்கும் போவோம், ஆனால் அரிசி வாங்குவது சாவில்தான். சாவு பேண்டுக்காரனுக்கு வாசிப்பதைவிட முக்கியமாகத் தெரிய வேண்டியது நிறுத்துவது. பெரியவர் ஒருத்தர் கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும். உறவுக்காரி வந்து விழுந்து அழுதால் நிறுத்த வேண்டும். மேலத் தெரு முனை வந்தால் நிறுத்த வேண்டும், அந்தத் தெருவைத் தாண்டும்வரை வாத்தியத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு சத்தமில்லாமல் நடக்க வேண்டும். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்காமலே தெரியும் காரணம்தான்.

அன்றைக்கு எங்கள் ஊர்வலத்துக்குப் பின்னால் ஒரு பழைய வெள்ளைக் கார் மாட்டிக்கொண்டது. ஹாரன் அடிப்பார்கள் என்று பார்த்தால், ஒரு அம்மா காரை ஓரமாக விட்டுவிட்டு இறங்கி எனக்குப் பின்னால் நடந்து வருகிறார். நான் அப்போது ஒரு பழைய சினிமாப் பாட்டை சாக்ஸபோனில் ஊதிக்கொண்டிருந்தேன். மேலத் தெரு முனை வந்தது, சட்டென்று நிறுத்தினோம்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் அந்த அம்மா.

"இந்தத் தெருவுல வாசிக்கிறது இல்லைங்க."

"சரணம் பாதியில நிக்குதே."

"என்னங்க பண்றது."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உதட்டைக் குவித்து, நான் விட்ட இடத்திலிருந்து அந்தப் பாட்டை விசிலடிக்க ஆரம்பித்தார். அறுபது வயதைத் தொடுகிற பொம்பளை, நரைத்த கொண்டை, காதில் சின்னக் கம்மல், கையில் கார்ச் சாவி. மேலத் தெரு நடுவில் விசிலடித்துக்கொண்டே நடக்கிறார். வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். என்ன சொல்ல முடியும்? ஒவ்வொரு வீட்டுக் கொட்டகையிலும் அவர் ஊசி போட்ட மாடு நிற்கிறது. எனக்கோ பழி எங்கள் தலையில் விழுமே என்று பயம். தெருக் கோடி வந்ததும் பாட்டும் முடிந்தது. "உங்க டோன் நல்லா இருக்கு மாஸ்டர். புதன்கிழமை வீட்டுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுக் காரை எடுக்கத் திரும்பி நடந்துவிட்டார். வருகிறேன் என்று நான் சொல்லவே இல்லை.

ஆனால் போனேன். அவர் வீட்டுப் பியானோவின் கால்கள் தண்ணீர்க் கிண்ணங்களில் நின்றன, எறும்பு ஏறாமலிருக்க. அங்கேதான் எனக்கு ஸ்டாண்டர்ட்ஸ் பழக்கமாயின. அமெரிக்காவில் எப்போதோ நாடகத்துக்கும் சினிமாவுக்கும் எழுதின காதல் பாட்டுகள் அவை, ஜாஸ்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். எல்லோரும் சேர்ந்து மெட்டை ஒரு சுற்று ஒழுங்காக வாசிக்க வேண்டும். பிறகு ஆளுக்கு ஆள், அதே அளவுக்குள், தன் மனசில் தோன்றுவதைச் சொந்தமாக வாசிக்க வேண்டும். அதற்கு சோலோ என்று பேர். கடைசியில் எல்லோரும் மெட்டுக்கு வந்து சேர வேண்டும். நடுவில் தப்பு வந்தால் நிற்கக் கூடாது, அந்தத் தப்பையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். டாக்டரம்மாவுக்கு இந்தச் சங்கீதம் பிடித்துப்போனதில் ஆச்சரியமே இல்லை.

நாங்கள் நாலு பேர் சேர்ந்தோம். பியானோ அவர், சாக்ஸபோன் நான். டிரம்ஸுக்குத் திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு டைலர் வருவார், சினிமாப் பாட்டுக் கச்சேரிகளில் அடித்துப் பழகியவர். பேஸ் கிட்டாருக்கு டாக்டரம்மாவின் தங்கை மகன், திருச்சியில் பேங்கில் வேலை.

ஒரு புதன்கிழமை பாதிப் பாட்டில் டைலருக்கு போன் வந்தது. அவர் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். டைலர் குச்சியைக் கீழே வைத்து எழுந்தார். டாக்டரம்மாவுக்கு எல்லாம் காதில் விழுந்தது. ஆனால் கையை எடுக்கவில்லை, வாசித்துக்கொண்டே இருக்கிறார். அந்த மனுஷன் என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்து, கண்ணீரோடு பாட்டை முடித்தார். முடிந்த மறு நிமிஷம் டாக்டரம்மா அவரைக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு திருவாரூர் ஆஸ்பத்திரிக்குப் பறந்தாரே, அந்த வேகத்தில் வழியில் எத்தனை கோழி தப்பித்ததோ தெரியாது. எனக்கு ஆறவே இல்லை. மறுவாரம் கேட்டே விட்டேன்.

"ஒரு எல்லை வேணாமா டாக்டரம்மா? பெத்த தாயி விழுந்து கெடக்குறப்ப என்னங்க பாட்டு?"

"நான் அவரப் பிடிச்சா வச்சேன்? எழுந்து போயிருக்கலாமே."

"உங்க முன்னாடி யாருங்க எழுந்து போவா?"

"அது என் தப்பா?" என்றார். அன்றைக்கு எனக்கு அவரைப் பிடிக்கவே இல்லை. டைலருக்கு ஒன்றும் வருத்தமில்லை என்பது வேறு விஷயம், அம்மாவுக்கு மாவுக்கட்டோடு போயிற்று.

இப்படி இருக்கும்போது தங்கை மகன் போனில் எடுத்த எங்கள் வாசிப்பை யாரோ யாருக்கோ அனுப்ப, சென்னையிலிருந்து ஒரு ரெக்கார்டிங் பொண்ணு கிளம்பி வந்தாள். ஸ்டுடியோவெல்லாம் வேண்டாம், ஆட்களை உட்கார வைத்து நேராக வாசியுங்கள், அதை அப்படியே பதிவு செய்து ஒரு ஆல்பமாகப் போடலாம் என்றாள். சபை ஹாலைக் கேட்டோம். கிளப் டான்ஸுக்கு ஹால் கிடையாது என்று பதில் வந்தது. அப்போதுதான் மண்டபக்காரர் வந்தார். அரிசி மில்லும் கல்யாண மண்டபமும் வைத்திருப்பவர். கோமாரி வந்தபோது அவர் மாடுகளைக் காப்பாற்றிக் கொடுத்தவர் டாக்டரம்மா. "ஆடி மாசம் மண்டபம் சும்மாத்தானம்மா பூட்டிக் கெடக்கு. தாராளமா வாசிங்க" என்றார். நல்ல மனசோடுதான் கொடுத்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பியானோவை வைக்கோல் பரப்பிய மினி லாரியில் ஏற்றிக் கொண்டுபோனோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆராதனை முடிந்து சாப்பிட்டுவிட்டு எல்லோரும் வந்தார்கள். மாட்டுக்காரர்கள் வந்தார்கள், திருவாரூர் யுனிவர்சிட்டிப் பிள்ளைகள் வந்தார்கள், சபையிலிருந்து திருட்டுத்தனமாகச் சிலர் வந்தார்கள். என் பெண்டாட்டியும் நர்சிங் படிக்கிற மகளும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ரெக்கார்டிங் பொண்ணு ஆளுக்கொரு மைக் வைத்தாள். அவை பதிவுக்கு மட்டும்தான், ஹாலில் ஸ்பீக்கர் கிடையாது, பேஸ் கிட்டாருக்கு மட்டும் கரண்ட்டில் ஓடும் ஒரு பெட்டி. எங்கள் பக்கத்துக் கரண்ட்டில் இரைச்சல் வருகிறது என்று தன் மெஷினை பேட்டரியில் ஓட்டினாள்.

வேகமான பாட்டுகள் நன்றாகவே போயின. பிறகு ஒரு மெதுவான பாட்டு. அதில் எனக்கு இரண்டு சுற்று சோலோ. அந்த இரண்டு சுற்றுக்காகத்தான் நான் வந்தேன், மறைப்பானேன்? சின்ன வயதிலிருந்து ஊதுகிறேன், ஒரு ஆள் உட்கார்ந்து கேட்டதில்லை. சாவில் பேண்டு இல்லையென்றால் குறை சொல்வார்கள், இருந்தால் கவனிக்க மாட்டார்கள். இந்த ஒன்று மட்டும் பதிவாகும், என் பேர் போட்டு வெளியே வரும், எங்கேயோ முகம் தெரியாத ஒருத்தர் உட்கார்ந்து முழுசாகக் கேட்பார். அந்த நினைப்பில் நாலு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

மெட்டு முடிந்து என் முதல் சுற்று ஆரம்பித்தது. கண்ணை மூடிக்கொண்டு ஊதுகிறேன். படியில் செருப்புச் சத்தம். கண்ணைத் திறந்தால் மண்டபக்காரர் மேடை ஏறுகிறார், பின்னால் அவர் சம்சாரம் பொன்னாடையோடு. ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் டாக்டரம்மாவுக்குப் பொன்னாடை போர்த்திவிட வேண்டும் என்பது அவர் அவசரம். டாக்டரம்மா வாசிக்க வேண்டிய பகுதி முடிந்துவிட்டது, இப்போது பேண்டுக்காரன்தானே சும்மா ஊதிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்திருக்கிறார்.

நேராக வந்து என் சாக்ஸபோனுக்கு முன்னால் இருந்த மைக்கைத் தன் பக்கம் திருப்பினார். தட்டினார். "ஹலோ. ஹலோ. மைக் டெஸ்டிங்." ஹாலில் சத்தம் வரவில்லை. எப்படி வரும்? "மைக் வேலை செய்யலையே" என்றவர் வாயை மைக்கில் ஒட்டிக்கொண்டு, "அன்பார்ந்த பெரியோர்களே" என்று ஆரம்பித்தார். ஒருத்தருக்கும் கேட்கவில்லை, மெஷினுக்கு மட்டும் தெளிவாகக் கேட்கிறது. அவர் சம்சாரம் பொன்னாடையை டாக்டரம்மா தோளில் போர்த்தினார். டாக்டரம்மா எழுந்திருக்கவில்லை, கும்பிடவில்லை, கை பியானோவிலேயே இருந்தது. பொன்னாடை நழுவிக் கீழே விழுந்தது. எங்கள் ஊரில் பொன்னாடை வந்தால் எப்பேர்ப்பட்ட வித்துவானும் வாத்தியத்தை வைத்துவிட்டு எழுந்து நிற்பார். மண்டபக்காரர் முகம் கறுத்தது. டாக்டரம்மாவைச் சொல்ல முடியாது. என் பக்கம் திரும்பினார்.

"டேய், ஊதுறத நிறுத்துடா."

என் வாய் தானாகக் கழன்றது. மூளை யோசிக்கும் முன்னாலேயே உடம்பு நிறுத்திவிட்டது. பழக்கம். மூன்றாவது வரிசையில் என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்தேன்.

"மாஸ்டர், இன்னும் ஒரு சுத்து இருக்கு" என்றார் டாக்டரம்மா. கத்தவில்லை. உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார். அவர் கை நிற்கவே இல்லை, நான் விட்ட இடத்தை நிரப்பிக்கொண்டு எனக்காகப் போய்க்கொண்டிருந்தது. நான் மறுபடி வாயில் வைத்து ஊதினேன்.

மண்டபக்காரர் மேடையை விட்டு இறங்கினார், வாசல் பக்கம் நின்ற மேனேஜரைப் பார்த்துக் கையை ஆட்டினார். மெயின் ஸ்விட்ச் போயிற்று. ஃபேன்கள் நின்றன, விளக்குகள் அணைந்தன, பேஸ் கிட்டார் ஊமையாகிவிட்டது. தங்கை மகன் பாவம், கம்பியைத் தடவிக்கொண்டு முழிக்கிறான். டாக்டரம்மாவின் இடது கை பியானோவின் கீழ்க் கோடிக்குப் போய் அவன் வேலையையும் எடுத்துக்கொண்டது. டைலர் விடவில்லை. ஒரு மாட்டுக்காரப் பொம்பளை எழுந்து போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஆடிக் காற்று உள்ளே வந்தது. என் சுற்றை முடித்தேன், மூன்று பேரும் மெட்டுக்கு வந்தோம், பாட்டு முடிந்தது.

முடிந்த பிறகுதான் டாக்டரம்மா எழுந்தார். திகைத்துப்போய் நின்ற மண்டபக்காரர் சம்சாரத்திடம் போய், "கையில வேலை இருந்துச்சும்மா, கோவிச்சுக்காதீங்க. இப்பப் போடுங்க" என்றார்.

"ராகு காலம் வந்துருச்சே" என்றார் அந்த அம்மா.

"எனக்கு அதெல்லாம் கெடையாது, போடுங்க."

அன்றோடு பதிவு முடிந்தது, கரண்ட் திரும்பி வரவில்லை. சண்டை மறுநாள் ஆரம்பித்தது, எனக்கும் அவருக்கும்.

ரெக்கார்டிங் பொண்ணு, அந்தக் குரல் சாக்ஸபோன் மைக்கிலேயே பதிவாகிவிட்டதால் பிரித்தெடுக்க முடியாது என்றாள். அந்தப் பாட்டை விட்டுவிடலாம், அல்லது சென்னைக்கு வந்து ஸ்டுடியோவில் மறுபடி வாசிக்கலாம். நான் உடனே மறுபடி வாசிக்கலாம் என்றேன். "முடியாது. வாசிச்சாச்சு" என்றார் டாக்டரம்மா.

"என் சோலோ மேல அந்தாளு பேசியிருக்காரு டாக்டரம்மா."

"பேசட்டும். அதையும் மீறி வாசிச்சிருக்கீங்கல்ல? அது ஸ்டுடியோவுல வருமா?"

"எனக்கு வேணாம். அதுல டேய்னு இருக்கு. எம் பொண்ணு காலத்துக்கும் அதக் கேக்கணுமா?"

"இருக்கட்டும் மாஸ்டர். அசிங்கம் சொன்னவருக்கு, உங்களுக்கு என்ன?"

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "உங்கள யாரும் டேய்னு கூப்புட்டதில்ல டாக்டரம்மா. மேலத் தெருவுல நீங்க விசிலடிச்சா வேடிக்கை பாப்பாங்க. நான் ஊதுனா ஒதைப்பாங்க. ரெண்டும் ஒண்ணா? நிறுத்தாம இருக்குறது உங்களுக்குச் சுளுவு."

டாக்டரம்மா உட்கார்ந்து பியானோ மூடியைத் துடைத்தார். மூடியில் தூசே இல்லை.

"தெரியாது மாஸ்டர்" என்றார் கடைசியில். "நீங்க சொல்றது எனக்குத் தெரியாதுதான். சரி, உங்க சோலோ, உங்க முடிவு. வேணாம்னா வேணாம். ஆனா ஒரு தடவை கேட்டுட்டு முடிவு பண்ணுங்க." தங்கை மகனை விட்டு அந்தப் பாட்டை என் போனுக்கு அனுப்பச் சொன்னார். வந்தது. நான் திறக்கவே இல்லை. அந்த வார்த்தையை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை.

ஆவணி பிறந்து மண்டபத்தில் மறுபடி மேளம் கேட்க ஆரம்பித்த நாட்களில், ஒரு காலை வேளையில் எங்கள் தெருவுக்குள் மண்டபக்காரரின் பைக் வந்தது. எங்கள் தெருவுக்கு அவர் வந்து நான் பார்த்ததில்லை. இரண்டு வீட்டில் விசாரித்து என் வீட்டுக்கு வந்தார். பிளாஸ்டிக் சேரை எடுத்துப் போட்டேன். மகள் டீ கொண்டு வந்து கொடுத்தாள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதப்பா. நல்ல நேரம் போகுதேன்னு ஒரு பதட்டம். வாய்ல வந்துருச்சு."

"பரவால்லைங்க" என்றேன். சொன்ன மறு நொடியே என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. என்ன பரவாயில்லை?

"நான் பேசுனது அதுல பதிவாயிருக்காமே. அந்தப் பாட்டு வெளிநாட்டுக்கெல்லாம் போகும்னு சொல்றாங்க. நாலு பேரு கேப்பான். அத எடுத்துடச் சொல்லிடுப்பா. டாக்டரம்மாகிட்ட போனேன். நான் முடிவு பண்ண முடியாது, மாஸ்டரப் போயிக் கேளுங்கன்னு சொல்லிருச்சு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மண்டபக்காரர் வந்து கேட்டால் முடியாது என்று சொல்ல டாக்டரம்மாவுக்கு வாயில்லையா? இருந்தும் என் வாசலுக்கு அனுப்பி வைத்திருக்கிறார்.

"நான் என்ன சொன்னேன்னே எனக்கு நெனவில்லப்பா" என்றார் மண்டபக்காரர்.

"கேட்டுருவோம்" என்றேன். போனை எடுத்து, முதல் தடவையாக அந்தப் பாட்டைத் திறந்து, ஸ்டூலில் வைத்தேன். மெட்டு வந்தது. என் சுற்று வந்தது. ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங். அவர் லேசாகச் சிரித்தார். அன்பார்ந்த பெரியோர்களே. பிறகு அந்த வார்த்தை வந்தது. மண்டபத்தில் கேட்டதைவிடப் பெரிதாக, அருகில், எங்கள் வீட்டுக்குள் கேட்டது. சிரிப்பு நின்று அவர் டீயைப் பார்த்தார். மகள் வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள், இந்தத் தடவை தலை குனியவில்லை.

அடுத்து நான் நிறுத்திய இடம். வருஷக்கணக்கில் ஊமையாக நின்றது போல எனக்கு ஞாபகம். பதிவில் ஒன்றுமே இல்லை. ஊதுகிறவன் மூச்சு வாங்குகிற அளவுதான். அதற்குள் டாக்டரம்மா குரல், அதற்குள் மறுபடி நான். இந்தச் சுற்றில் நான் என்ன ஊதினேன் என்று எனக்கே தெரியாமல் இருந்தது. இப்போது கேட்கிறேன். அழுகை இல்லை, கெஞ்சல் இல்லை. ஃபேன் சத்தம் தேய்ந்து அடங்க அடங்க என் சத்தம் பெரிதாகிறது. இது நானா என்று இருந்தது. நான்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வேறு எந்த வார்த்தையும் போடத் தோன்றவில்லை.

"போதும், நிறுத்துப்பா" என்றார் மண்டபக்காரர்.

என் கட்டை விரல் போனுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இன்னும் இருக்குங்க. கேளுங்க."

அவர் எழுந்து போயிருக்கலாம், நான் பிடித்து வைக்கவில்லை. போகவில்லை. பாட்டு முடியும்வரை உட்கார்ந்து கேட்டார். பிறகு டீ கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார்.

"அப்ப இத அப்புடியேதான் விடப் போறீங்களா?"

"ஆமாங்க."

வாசல் வரை போனவர் திரும்பினார். "என் பேரு அதுல வருமா?"

"வராதுங்க" என்றேன். "என் பேருதான் வரும்."